எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவில்

கட்டடத்து ஜெனரேட்டரின் பதிவுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் படித்த அன்றுதான் சிவாஜினிக்கு அதன் மேல் சந்தேகம் விழுந்தது. சிட்னியில், பரமட்டா ரயில் நிலையத்துக்குப் பின்னால் நிற்கும் பத்தொன்பது மாடிக் குடியிருப்புக்கு அவள் மேலாளராக வந்து மூன்று வருடமாகிறது. குப்பைத் தொட்டி நிரம்பினாலும் அவள்தான், தண்ணீர்க் குழாய் வெடித்தாலும் அவள்தான்.

புத்தகத்தில் பதினொரு வருடத்துக் கையெழுத்துகள் இருந்தன. மாதம் ஒருமுறை யாரோ ஒருவர் வந்து ஜெனரேட்டரை முடுக்கி, பத்து நிமிடம் உறுமவிட்டு, 'நன்றாக ஓடுகிறது' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஓடியது சரி, எதையாவது இழுத்ததா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மின்சாரம் போனால் தீயணைப்புக்காரர்களுக்காக ஒரு லிஃப்ட் ஓட வேண்டும், மாடிப்படிக்குள் புகை நுழையாமல் காற்றாடிகள் சுழல வேண்டும், அபாய மணியும் விளக்குகளும் உயிரோடு இருக்க வேண்டும். உயரமான கட்டடத்துக்கு அது சட்டம். அதற்காகத்தான் நிலக்கீழ்த் தளத்தில் அந்த ஜெனரேட்டரை வைத்திருக்கிறார்கள். ஆனால் மெயினை உண்மையாகவே நிறுத்தி, லிஃப்ட்டை அதன் தலையில் ஏற்றி ஒருவரும் பார்த்ததில்லை.

இதை அவள் உரிமையாளர் குழுவில் சொன்னபோது தலைவர் கல்யாணசுந்தரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் முப்பத்திரண்டு வருடம் மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, மகளோடு இருக்கவென்று வந்தவர். பதினாறாம் மாடியில் வீடு. கட்டடத்தில் எந்தக் குறை கண்டாலும் 'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு' என்று தொடங்கி மின்னஞ்சல் எழுதுவார். சிவாஜினிக்கு அந்த வருடம் மட்டும் பதினொன்று வந்திருந்தன.

"டிராயிங்ல தெளிவா போட்டிருக்கு. ரெண்டாம் நம்பர் லிஃப்ட் ஜெனரேட்டர்ல ஓடும். என்ஜினியர் கையெழுத்து இருக்கு. அப்புறம் எதுக்கு நூத்தி முப்பது வீட்டுக்குக் கரண்ட் கட் பண்ணணும்? கரண்ட் கட் வேணாம்னுதானே இந்த ஊருக்கே வந்தோம்?" என்றார் அவர்.

எல்லாரும் சிரித்தார்கள். சிவாஜினியும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. மூன்று கூட்டம் கேட்டாள். நான்காவது கூட்டத்தில், ஒரு மணி நேரம் மட்டும், இரண்டு வாரம் முன்னறிவித்தல் கொடுத்து, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று ஒருவழியாக முடிவாயிற்று. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை தன் மகள் ஹரிப்பிரியாவுக்கு வளைகாப்பு, அதற்கு ஒரு இடைஞ்சலும் வரக்கூடாது என்று தலைவர் குறிப்பில் எழுதவைத்தார்.

சனிக்கிழமை வந்தது. அறிவித்தல் தபால் பெட்டியில், மின்னஞ்சலில், லிஃப்ட் கண்ணாடியில், கார் நிறுத்துமிடத்துத் தூணில் என்று ஒட்டாத இடமில்லை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதிலிருந்து யாரும் லிஃப்ட்டில் ஏற வேண்டாம். செவன் ஹில்ஸில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் கபிலன் நிலக்கீழ்த் தளத்து மின்பலகை அறையில் நின்றான். லிஃப்ட் மெக்கானிக் டோனி அவன் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சிவாஜினி முன்கூடத்தில், இரண்டு லிஃப்ட்டுகளுக்கும் எதிரே, கையில் வோக்கிடோக்கியோடு நின்றாள்.

"அக்கா, நிப்பாட்டப் போறன்," என்றான் கபிலன்.

"ஓம், நிப்பாட்டும்."

முன்கூடம் இருண்டது. குளிரூட்டி மூச்சை நிறுத்தியது. வெளியேறும் வழியைக் காட்டும் பச்சைப் பலகைகள் மட்டும் மின்கலத்தில் எரிந்தன. அவள் எண்ணத் தொடங்கினாள். எட்டு எண்ணும்போது காலடியில் ஒரு உறுமல் எழுந்தது. பதினொன்றில் முன்கூடத்து விளக்குகள் படக்கென்று எரிந்தன. மாடிப்படிக் காற்றாடிகளின் இரைச்சல் கேட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு அது முதன்முதலாகச் சுமை தூக்குகிறது.

அடுத்து இரண்டாம் இலக்க லிஃப்ட் தானாகக் கீழே வந்து கதவைத் திறக்க வேண்டும். அதன் நெற்றியில்தான் 'அவசரகால லிஃப்ட்' என்ற பித்தளைப் பலகை இருந்தது. லிஃப்ட் வரும் சத்தம் கேட்டது, மணி அடித்தது, கதவு திறந்தது. ஆனால் திறந்தது ஒன்றாம் இலக்க லிஃப்ட். உள்ளே பளிச்சென்று வெளிச்சம், ஆளில்லை. இரண்டாம் இலக்கம் வாயைத் திறக்காமல் இருட்டில் நின்றது.

அவள் என்னவென்று யோசிப்பதற்குள் சுவரிலிருந்த லிஃப்ட் தொலைபேசி அலறியது. இரண்டாம் இலக்கத்துக்குள்ளிருந்துதான். எடுத்தாள்.

"யாரு, சிவாஜினியா? நான் கல்யாணசுந்தரம் பேசறேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல நிக்கறேன்."

கட்டடத்தில் வேறு யாருமே கிடைக்கவில்லையா!

"ஐயோ அங்கிள், நீங்களோ உள்ளுக்கு? அறிவித்தல் பாக்கேல்லையோ?"

"பார்த்தேன். கார்ல வளையல் பெட்டி இருந்துச்சு, எடுத்துட்டு வந்தேன். பத்துக்கு அரை நிமிஷம் இருந்துச்சு. ரெண்டாம் நம்பர்தானே அவசர லிஃப்ட், நின்னாலும் பதினஞ்சு செகண்டுல ஓடிடும்னு கணக்குப் போட்டுத்தான் ஏறினேன்."

"லைற் எரியுதோ? மூச்சு முட்டுதோ?"

"பேட்டரி லைட் எரியுது. மேல காத்து வருது. பிரஷர் மாத்திரை காலையிலேயே போட்டாச்சு."

"பயப்பிடாதேங்கோ. இப்பவே மெயினைப் போடச் சொல்லுறன், ஒரு நிமிசத்தில வெளிய வந்திடுவியள்."

வோக்கிடோக்கியை வாய்க்குக் கொண்டுபோனவளை அவர் குரல் தடுத்தது.

"இருங்க, இருங்க. அங்க ஒன்னாம் நம்பர் என்ன பண்ணுது?"

"அது வந்து கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிக்குது அங்கிள். லைற்றும் எரியுது."

அவர் மறுபடி பேசியபோது குரலே மாறியிருந்தது. குழுக் கூட்டத்துக் குரல் இல்லை. நாற்பது வயது குறைந்தவர் போலப் பேசினார்.

"மெயினைப் போடாதீங்க. போட்டா எல்லாம் சரியா இருக்கற மாதிரி ஆயிடும், தப்பு ஒளிஞ்சுக்கும். மறுபடி ரெண்டு வாரம் நோட்டீஸ் குடுக்கணும். நான் நல்லாத்தான் இருக்கேன். கண்டுபிடிங்க."

சிவாஜினி ஒரு கணம் தயங்கினாள். உள்ளே இருப்பவர் அறுபத்தாறு வயதுக்காரர். ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவள் அவள். ஆனால் இந்த மனிதர் இப்படிப் பேசி அவள் கேட்டதேயில்லை.

"சரி அங்கிள். ஆனா ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நீங்கள் என்னோட கதைக்க வேணும். ஒருக்காத் தவறினாலும் நான் மெயினைப் போட்டிடுவன். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

"டீல்," என்றார் அவர். "இப்ப அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க. கீழ போர்டுல 'லிஃப்ட் 2'ன்னு ஒரு பிரேக்கர் இருக்கும். அதை மட்டும் அணைக்கச் சொல்லுங்க. நீங்க ஒன்னாம் நம்பரைப் பாருங்க."

அவள் கபிலனிடம் சொன்னாள். கபிலன் அணைத்தான். அவள் கண்ணெதிரே ஒன்றாம் இலக்க லிஃப்ட் இருண்டது.

"நூந்திட்டுது!" என்று இரண்டு பேரிடமும் ஒரே நேரத்தில் கத்தினாள்.

"அவ்வளவுதான். கேபிள் மாறியிருக்கு. ரெண்டாம் நம்பருக்குப் போக வேண்டிய கேபிள் ஒன்னாம் நம்பருக்குப் போயிருக்கு. பதினோரு வருஷமா நாம தப்பான லிஃப்ட் நெத்தியில பலகை மாட்டி வச்சிருக்கோம்."

எங்கே மாறியது என்று பார்க்க வேண்டும். கீழே பலகையில் எல்லாம் பெயர்ப்படி சரியாக இருந்தது. அப்படியென்றால் மேலே, மொட்டைமாடியிலுள்ள லிஃப்ட் இயந்திர அறையில்தான். கபிலன் பிரேக்கரை மறுபடி போட்டான். அவனும் டோனியும் ஒன்றாம் இலக்க லிஃப்ட்டிலேயே ஏறிப் போனார்கள். ஜெனரேட்டர் அவர்களைத் தடங்கலில்லாமல் தூக்கிக்கொண்டு போயிற்று. ஆளை இறக்க வேண்டுமென்றால் மேலேயிருந்து மோட்டாரைக் கையால் சுற்றி இறக்கலாம், இருபது நிமிடமாகும் என்று டோனி சொல்லிவிட்டுப் போனார். சிவாஜினி அதையும் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தாள். "அந்த இருபது நிமிஷத்தை அவர் கேபிள் பார்க்கறதுல செலவழிக்கட்டும்," என்று பதில் வந்தது.

அந்த லிஃப்ட் கீழே திரும்பி வந்தபோது உள்ளேயிருந்து கல்யாணசுந்தரத்தின் மனைவி விஜயா இறங்கினாள். கையில் வெங்காயம் நறுக்கிய வாசனை.

"சிவாஜினி, இவரைப் பார்த்தியாம்மா? வளையல் எடுக்கப் போனவர் வரவேயில்ல. எட்டாவது மாடி தாண்டறப்ப உள்ள யாரோ பாடற மாதிரி இருந்துச்சு."

"அது அங்கிள்தான் அன்ரி," என்று சொல்லி, நடந்ததை விளக்கி, பக்கத்தில் நிற்பவருக்கும் குரல் கேட்கும் அந்தத் தொலைபேசியை அவளிடம் நீட்டினாள். விஜயா பதறுவாள் என்று ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டாள். விஜயா பதறவில்லை. கதிரையில் வசதியாகச் சாய்ந்தாள்.

"ஏங்க, வளையல் பத்திரமா?"

"பத்திரம்."

"நீங்க?"

"நானுந்தான்."

"அப்ப ஒரு விஷயம் பேசணும். நாளைக்கு யாரைக் கூப்பிடறதுங்கற பேச்சை எடுத்தாலே பால்கனிக்கு எந்திரிச்சுப் போயிடுவீங்க. இப்ப போக முடியாதில்ல?"

சிவாஜினி சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் இடமில்லை, நாற்பது பேருக்கு மேல் ஒருவர்கூடக் கூடாது என்று அவர் கணினியில் பட்டியல் போட்டு வைத்திருந்தாராம். அதில் கட்டடத்து ஆட்கள் ஒருவருமில்லை. ஹரிப்பிரியாவை ஸ்கேனுக்குக் காரில் கூட்டிப்போன ஒன்பதாம் மாடி லெபனான்காரம்மா இல்லை. மூன்றாம் மாடி நர்ஸ் இல்லை. விஜயா ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனாள். மேலேயிருந்து 'ம்' 'ம்' என்று வந்துகொண்டிருந்தது.

"அப்புறம் சிவாஜினி. இங்கதான் நிக்கறா. நீங்களே சொல்லுங்க, அவளைக் கூப்பிடாம எப்படி?"

சிவாஜினிக்குக் காது சூடாயிற்று. "பரவாயில்லை அன்ரி, விடுங்கோ," என்று கையால் சைகை காட்டினாள்.

"அவங்களைக் கூப்பிடணும்னு எனக்கும் இருந்துச்சு, விஜயா. ஆனா இத்தனை கம்ப்ளெயிண்ட் எழுதிட்டு, பன்னெண்டாவதா எப்படி அழைப்பிதழ் அனுப்பறதுன்னு தெரியல."

விஜயா தொலைபேசியை மெல்ல நீட்டினாள். சிவாஜினி வாங்கினாள்.

"ஐஞ்சு நிமிசம் ஆச்சுது அங்கிள். சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டுவைத்தாள்.

"இருக்கேன்," என்றார் அவர்.

அந்த நேரத்தில் கபிலன் மேலேயிருந்து கூப்பிட்டான். இரண்டு லிஃப்ட்டுகளின் சுவிச்சுப் பெட்டிகளும் அருகருகே இருக்கின்றன, கேபிள்கள் குறுக்காக மாறிப் போயிருக்கின்றன, மின்சாரத்தை நிறுத்தித் திருத்த முக்கால் மணித்தியாலம் பிடிக்கும் என்றான். சிவாஜினி அதை அப்படியே அங்கிளுக்குச் சொன்னாள்.

"எதுக்கு முக்கால் மணி நேரம்? பித்தளைப் பலகையை எடுத்து ஒன்னாம் நம்பர்ல மாட்டிட்டா போச்சு. நாலு ஸ்க்ரூதானே?"

"மாட்டேலாது அங்கிள்," என்றாள் சிவாஜினி. இந்த இடத்தில் அவள் குரலில் தயக்கமே இல்லை. "ஒண்டாம் நம்பர் சின்னது. அதுக்குள்ள ஸ்ட்ரெச்சரைப் படுக்கையாக் கொண்டுபோகேலாது. அவசர லிஃப்ட்டுக்குள்ள ஸ்ட்ரெச்சர் நீளமாப் போக வேணும். அதுதான் விதி. ரெண்டாம் நம்பர்தான் அதுக்கெண்டு கட்டினது."

"ரெண்டாம் நம்பர் அவ்வளவு நீளமா என்ன?"

"ரெண்டு மீற்றர் வரும்."

உள்ளே ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பெட்டி நகரும் சத்தம். பிறகு ஒரு முனகல்.

"அங்கிள்? என்ன செய்யிறியள்? அங்கிள்!"

"ஒன்னுமில்ல. படுத்துப் பார்த்தேன். நான் அஞ்சடி எட்டு அங்குலம். கால் நீட்டியும் தலைமாட்டுல இன்னும் ஒரு சாண் மிச்சமிருக்கு. நீங்க சொன்னது சரி. கேபிளையே மாத்துங்க."

விஜயா தலையில் அடித்துக்கொண்டாள். "புது வேட்டி கட்டிக்கிட்டுத் தரையில படுத்திருக்காரும்மா!"

கபிலன் இரண்டு கேபிள்களுக்கும் மின்சாரத்தை அணைத்துப் பூட்டி, யாரும் போட்டுவிடாதபடி சிவப்பு அட்டை தொங்கவிட்டு வேலையைத் தொடங்கினான். இப்போது இரண்டு லிஃப்ட்டுமே இல்லை. படியிறங்கி வந்த குடியிருப்பாளர்கள் முன்கூடத்தில் கூடத் தொடங்கினார்கள். நாயோடு வந்தவர்கள், சைக்கிளோடு வந்தவர்கள், கடையிலிருந்து பையோடு திரும்பியவர்கள். மேலே போக முடியாமல் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் உள்ளே மாட்டியிருப்பவர் குழுத் தலைவர், அவரே மின்சாரத்தைப் போடவேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று தெரிந்ததும் ஒருவரும் நகரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சிவாஜினி தொலைபேசியை எடுக்கும்போது எல்லாரும் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள். ஒன்பதாம் மாடி லெபனான்காரம்மா தன் பங்குக்கு, பசிக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். விஜயா அவளை அங்கேயே வைத்து நாளைக்கு வரச் சொன்னாள். நர்ஸையும் சொன்னாள். அப்புறம் நாய்க்காரரையும் சொன்னாள்.

பதினொன்றுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கபிலனின் குரல் வந்தது. "அக்கா, முடிஞ்சுது. போடுறன்."

சிவாஜினி இரண்டாம் இலக்கத்தின் கதவையே பார்த்தாள். மேலே எங்கேயோ கம்பி இழுபடும் சத்தம். கதவின் மேலிருந்த இலக்கம் உயிர் பெற்றது: எட்டு. ஏழு. ஆறு. யாரோ எண்ணத் தொடங்க, எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். 'ஒன்று' என்று கத்தி முடிக்க மணி அடித்துக் கதவு விலகியது. கல்யாணசுந்தரம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வளையல் பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றார். கைதட்டல் அடங்க அரை நிமிடமானது.

ஆனால் அவர் வெளியே வரவில்லை. பெட்டியை விஜயாவிடம் கொடுத்துவிட்டுக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"மெயினை இன்னும் போடலயே?"

"இல்லை அங்கிள். ஜெனரேட்டர்தான்."

"ஒரே ஆளோட கீழ இறங்கினா மட்டும் போதாது. ஆள் நிரம்பி மேல ஏறணும். அதுதான் லோடு டெஸ்ட். பதினேழு பேர்னு எழுதியிருக்கு. ஏறுங்க எல்லாரும்!"

யாரும் இரண்டாம் முறை சொல்லவைக்கவில்லை. பைக்காரர்கள், சைக்கிள்காரர், லெபனான்காரம்மா, நாயைத் தூக்கிக்கொண்டு அதன் சொந்தக்காரர். விஜயா பெட்டியை மேசை மேல் வைத்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். கல்யாணசுந்தரம் தலைகளை எண்ணினார். பதினாறு.

"ஒரு ஆள் குறையுது," என்று சிவாஜினியைப் பார்த்தார்.

"நான் இஞ்ச நிண்டு நேரம் பாக்க வேணும் அங்கிள்."

"உள்ள நின்னு பாருங்க. வாங்க. நாளைக்கும் வரணும், பத்தரைக்கு நல்ல நேரம். இதை மின்னஞ்சல்ல எழுத மாட்டேன்."

"வாறன்," என்றாள் அவள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். விஜயா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். நாயின் வால் முழங்காலில் பட்டது. கல்யாணசுந்தரம் பத்தொன்பதை அழுத்தினார்.

கதவு மூடியது. காலடியில், ஆழத்தில், ஜெனரேட்டரின் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து கனத்தது. விளக்கு ஒரு இமைப்பொழுது மங்கியது. பிறகு லிஃப்ட் அசைந்தது, கிளம்பியது, சீராக ஏறத் தொடங்கியது. சிவாஜினி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எட்டையும் ஒன்பதையும் கடக்கும்போது யாரோ விசில் அடித்தார்கள். பத்தொன்பதாம் மாடியில் மணி அடித்தது.

"நாப்பத்தொரு செக்கன்," என்று அறிவித்தாள் அவள்.

கதவு திறந்து கிடந்தது. ஒருவரும் இறங்கவில்லை. பின்னால் நின்ற சைக்கிள்காரர், உறுதிப்படுத்துவதற்காக இன்னொரு முறை போய்ப் பார்த்தால் என்ன என்று கேட்டார். கல்யாணசுந்தரம் சிவாஜினியைப் பார்த்தார். மேலாளர் அவள்தானே.

சிவாஜினி கையை நீட்டிக் கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினாள்.